தனிநிலைக் கணிதத்தில் நிரூபணம் எழுதப் பழகும் முறை

வேலூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டப்படி மூன்றாம் பருவத்தில் தனிநிலைக் கணிதம் வருகிறது. மாணவர் வாயில் அது 'டிஸ்கிரீட் மேத்ஸ்'; தருக்கம், கணங்கள், எண்ணும் முறைகள், கோட்டுருக்கள் போன்றவற்றைப் படிக்கும் தாள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களும் இத்தாளில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு வராததால் அவர்கள் தடுமாறுவதில்லை. அதுவரை விடை என்பது ஓர் எண்ணாகவோ ஒரு கோவையாகவோ இருந்தது. இங்கே விடை என்பது காரணத்தோடு கோத்த பத்து வாக்கியங்கள். அவற்றை எழுத யாரும் அவர்களைப் பழக்கியிருக்கவில்லை. குடியாத்தம், ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு, அந்த வாக்கியங்கள் ஆங்கிலத்திலும் இருந்தாக வேண்டும் என்ற பாரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஒரே பழக்கத்தைப் பற்றியது: கொடுத்த கூற்றை முதலில் தமிழ் வாக்கியமாகப் பிரித்து எழுதிப் பொருளை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே குறியீட்டைத் தொடுவது.

புதிய நூல் வாங்குவதற்கு முன், வீட்டுப் பரணில் கிடக்கும் பள்ளிப் பாடநூல்களை இறக்குங்கள். பதினோராம் வகுப்பு நூலில் கணங்கள், தொடர்புகள், சார்புகள் முதல் பாடமாகவும், சேர்ப்பியலும் கணிதத் தொகுத்தறிதலும் நான்காம் பாடமாகவும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு நூலின் கடைசிப் பாடமே தனிநிலைக் கணிதம்தான். அதை, ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று பட்டியலிடும் மெய்மை அட்டவணை போட்டு மதிப்பெண் வாங்குவதோடு பலர் விட்டிருப்பார்கள். இம்முறை அதே பாடத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இணையான சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரி நூல் அதற்குப் பிறகு பாதி சுமையாகிவிடும்.

முதல் இடறல் 'எனில்' என்ற சொல்லில் இருக்கிறது. காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையிலுள்ள பாலாற்றுப் பாலத்தைப் பற்றி, 'ஆற்றில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டினால் பாலத்தை மூடுவோம்' என்று ஓர் அதிகாரி சொன்னதாகக் கொள்வோம். 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் வந்து, பாலத்தையும் மூடாமல் விட்டால் மட்டுமே அவர் சொன்னது பொய்யாகும். ஆறு வெறும் மணலாகக் கிடக்கும் ஆண்டுகளில், பாலத்தை மூடினாலும் மூடாவிட்டாலும் அவர் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். எடுகோள், அதாவது 'எனில்' என்பதற்கு முன் வரும் பகுதி, பொய்யாக இருக்கும்போது கூற்று முழுவதும் மெய் என்று அட்டவணை சொல்வதன் பொருள் இவ்வளவுதான். இதே சொல்லோடு ஒட்டிய இன்னொரு குழி 'இருந்தால் மட்டுமே' என்பது. 'ஓர் எண் இரட்டையாக இருந்தால் மட்டுமே அது 4ஆல் வகுபடும்' என்ற வாக்கியம், 4ஆல் வகுபடும் எண் இரட்டை என்று சொல்கிறதே தவிர, இரட்டை எண்கள் எல்லாம் 4ஆல் வகுபடும் என்று சொல்லவில்லை, 6 வகுபடாது.

அடுத்தது 'ஒவ்வொரு', 'ஏதேனும் ஒன்று' என்னும் அளவைச் சொற்கள். ஆங்கில நூல்களில் வரும் 'எனி' என்ற சொல் சில இடங்களில் முதலாவதையும் சில இடங்களில் இரண்டாவதையும் குறிக்கும்; தமிழில் எழுத முயலும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருப்பதால், புரியாததைப் புரிந்ததுபோல் கடந்துபோக முடியாது. வரிசையும் முக்கியம். 'வகுப்பின் ஒவ்வொரு மாணவருக்கும் அவரைக் கல்லூரியில் கொண்டுவந்து விடும் ஒரு பேருந்து உண்டு' என்பது வேறு. 'வகுப்பு மாணவர் அனைவரையும் கொண்டுவந்து விடும் ஒரு பேருந்து உண்டு' என்பது வேறு. முதலாவதில் ஆற்காட்டிலிருந்து வருபவருக்கு ஒரு பேருந்தும் குடியாத்தத்திலிருந்து வருபவருக்கு இன்னொன்றும் இருக்கலாம். பின்னாளில் 'அனாலிசிஸ்' எனப்படும் பகுப்பாய்வைப் படிப்பவர்களுக்கு எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றின் வரையறைகள் கசப்பதற்கு இந்த வரிசையைச் சரியாகப் பிடிக்காததே பெரும்பாலும் காரணம். ஒரு கூற்றை மறுக்கும்போது 'ஒவ்வொரு' என்பது 'குறைந்தது ஒன்று அப்படி இல்லை' என்று மாறும். கத்தரிக்காய் எதற்கும் முள் கிடையாது என்று ஒருவர் சாதித்தால், அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒன்றை அவர் முன் வைத்தால் போதும். இரண்டாவது காய் தேவையில்லை.

மறுபக்கத்தில், ஆயிரம் எடுத்துக்காட்டுகள் சேர்ந்தாலும் ஒரு பொதுக்கூற்று நிரூபணமாகாது. இனி இக்கட்டுரையில் மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொள்கிறேன். ம² + ம + 41 என்ற கோவையில் ம-வுக்கு 0, 1, 2 என்று 39 வரை போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பகா எண்ணே வரும். 40 போட்டால் 1681, அதாவது 41இன் வர்க்கம். நாற்பது முறை சரியாக வந்தது நாற்பத்தோராம் முறையில் கவிழ்கிறது.

இப்போது ஒரு நிரூபணத்தை எழுதிப் பார்ப்போம். 'ம² இரட்டை எனில் ம இரட்டை' என்பது கூற்று. முதல் வேலை வரையறையை விரித்து எழுதுவது: ஒரு முழு எண் இரட்டை என்றால், அதை ஏதோ ஒரு முழு எண் க-வைக் கொண்டு 2க என்று எழுத முடியும், ஒற்றை என்றால் 2க + 1 என்று எழுத முடியும். நேராகப் போனால் ம² = 2க என்று தொடங்கி வர்க்கமூலத்தில் சிக்கிக்கொள்வோம். சிக்கினால் கூற்றின் இரு பகுதிகளையும் மறுத்து, வரிசையையும் திருப்பிப் பார்க்க வேண்டும்: 'ம ஒற்றை எனில் ம² ஒற்றை.' இரண்டும் ஒரே பொருளுடைய கூற்றுகள். வகுப்பில் இதைக் கான்ட்ராபாசிட்டிவ் என்பார்கள். இப்போது ம = 2க + 1 என்க. ஆகவே ம² = 4க² + 4க + 1 = 2(2க² + 2க) + 1. அடைப்புக்குள் இருப்பது முழு எண் என்பதால், வரையறைப்படி ம² ஒற்றை. கடைசி வாக்கியத்தில் வரும் 'முழு எண் என்பதால்' என்ற காரணத்தை விட்டுவிடுபவர்கள் மிகப் பலர். திருத்துபவர் தேடுவதும் அதைத்தான்.

கூற்று பொய் என்று வைத்துக்கொண்டு, அது முரணில் முடிவதைக் காட்டும் முரண்பாட்டு முறை மீது மாணவர்களுக்கு ஒரு மோகம் உண்டு. √2 விகிதமுறா எண் என்பதற்கு அது பொருத்தமானது. மேலே கண்டது போன்றவற்றுக்கு அது சுற்றுவழிதான். எதையும் 'மாறாகக் கொள்வோம்' என்று தொடங்குவதற்கு முன் நேர்வழியையும் திருப்பிய வழியையும் முயன்று பாருங்கள்.

ஒரு பிழையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 'இரண்டு ஒற்றை எண்களின் கூடுதல் இரட்டை' என்பதை நிரூபிக்கும்போது இரண்டையும் 2க + 1 என்றே எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நிரூபித்தது இரண்டு சமமான ஒற்றை எண்களுக்கு மட்டுமே. ஒன்று 2க + 1, மற்றொன்று 2த + 1. நானும் மாணவப் பருவத்தில் இதே பிழையைச் செய்து, ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டதற்குக் காரணம் தெரியாமல் ஒரு வாரம் விழித்திருக்கிறேன்.

கணிதத் தொகுத்தறிதலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். தொடக்க எண்ணுக்குக் கூற்று சரி என்று காட்டி, ஓர் எண்ணுக்குச் சரி எனில் அடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்டும் முறை அது. கூடுதல் வாய்பாடுகளை மட்டும் இம்முறையில் நிரூபித்துப் பழகியவர்கள் அதை ஒரு சடங்காகவே வைத்திருப்பார்கள். வேறு வகைக் கணக்கு ஒன்று: 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மட்டும் வேண்டிய அளவு இருந்தால், 4 ரூபாயும் அதற்கு மேற்பட்ட எந்த முழு ரூபாய்த் தொகையும் சில்லறை மீதியில்லாமல் கொடுத்துவிடலாம் என்று நிரூபிக்க வேண்டும். தொடக்கம்: 4 ரூபாய்க்கு இரண்டு 2 ரூபாய் நாணயங்கள். எடுகோள்: 4க்குக் குறையாத ம ரூபாயைக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. இப்போது ம + 1 ரூபாய்க்கு வழி காண வேண்டும். அந்த வழியில் ஒரு 5 ரூபாய் நாணயமாவது இருந்தால், அதை எடுத்துவிட்டு மூன்று 2 ரூபாய் நாணயங்களை வையுங்கள். ஒரு ரூபாய் கூடிவிட்டது. 5 ரூபாய் நாணயமே இல்லை என்றால் எல்லாம் 2 ரூபாய். தொகை 4க்குக் குறையாததால் குறைந்தது இரண்டு இருக்கும். அந்த இரண்டை எடுத்துவிட்டு ஒரு 5 ரூபாய் வையுங்கள். மறுபடியும் ஒரு ரூபாய் கூடியது. நிரூபணம் முடிந்தது.

இதே கணக்கை, ம ரூபாய்க்கு வழி இருந்தால் ஒரு 2 ரூபாயைச் சேர்த்து ம + 2 ரூபாய்க்கும் வழி உண்டு என்றும் எழுதலாம். ஆனால் அப்போது 4 ரூபாயிலிருந்து மட்டும் தொடங்கினால் 6, 8, 10 என்றே ஏறுவோம். ஒற்றைத் தொகைகள் கைக்கு வராது. 5 ரூபாயையும் தொடக்கமாகக் காட்ட வேண்டும். படி எவ்வளவு நீளமோ அத்தனை தொடக்கங்கள் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். எழுதி முடித்தபின், எடுகோளை எந்த வரியில் பயன்படுத்தினோம் என்று விரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள். தொட முடியாவிட்டால் அது தொகுத்தறிதலே இல்லை.

கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகமானால் ஒரு கூண்டிலாவது இரண்டு புறாக்கள் இருக்கும் என்ற புறாக்கூண்டுக் கொள்கை பார்ப்பதற்கு எளிது. எது புறா, எது கூண்டு என்று கண்டுபிடிப்பதே வேலை. எட்டுப் பேர் ஏறிய ஷேர் ஆட்டோவில் இருவராவது வாரத்தின் ஒரே கிழமையில் பிறந்தவர்களாக இருப்பார்கள் என்பதில் கூண்டுகள் தெரிகின்றன. 1 முதல் 20 வரையுள்ள எண்களில் எந்தப் பதினொன்றை எடுத்தாலும் அவற்றில் இரண்டு அடுத்தடுத்த எண்கள் இருக்கும் என்பதில் கூண்டுகளை நாமே கட்ட வேண்டும்: (1, 2), (3, 4) என்று பத்துச் சோடிகள். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலை 1736ஆம் ஆண்டில் ஆய்லர் தீர்த்த கோனிக்ஸ்பர்க் ஏழு பாலங்களிலிருந்து தொடங்குங்கள்; நான்கு நிலப்பகுதிகளிலும் பாலங்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருப்பதே ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நடக்க இயலாததற்குக் காரணம் என்பதை நீங்களே தாளில் வரைந்து கண்டால் அவ்வலகின் பாதி பிடிபட்டுவிடும்.

படிக்கும் முறையைப் பொறுத்தவரை, 'முக்கிய வினாக்கள்' என்று நகலகத்தில் விற்கும் தாள்களை மனப்பாடம் செய்வது இத்தாளில் உதவாது. ஓர் எழுத்தை மாற்றிக் கேட்டாலே அது உடைந்துவிடும். ஒரு நிரூபணத்தை வாசித்ததும் நூலை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் எழுதுங்கள். நின்றுபோகும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, நூலைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து மூடுங்கள். மறுநாள் காலை மறுபடியும் எழுதினால் கோடுகள் குறைந்திருக்கும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் நண்பரிடம் அதைக் குறியீடின்றித் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'அது எப்படி?' என்று அவர் கேட்கும் இடம்தான் காரணம் விடுபட்ட இடம்.

தேர்வறையில் வழி தெரியாமல் நின்றாலும் தாளை வெறுமையாக விடாதீர்கள். கொடுத்தது இது, காட்ட வேண்டியது இது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் வரும் சொல்லின் வரையறையை அதன் கீழே விரியுங்கள். முடிவை எடுகோளாக எடுத்துத் தொடங்கிவிடாமல் அந்த இரண்டு வாக்கியங்களும் உங்களைத் தடுக்கும். சிறிய கணக்குகளில், மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே எழுத வேண்டிய மூன்று நான்கு வரிகள் அப்போதே கண்ணில் படும்.