கியான்டி போத்தலை மேசைக்குக் கொண்டுபோகும் முன்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, வைன் போத்தலின் கழுத்தைப் பாருங்கள் என்பதுதான். மே மாதம் சீசன் தொடங்கி, இத்தாலிக்காரர் நாலு பேர் வந்து உட்கார்ந்து கியான்டி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கு என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கியான்டி என்ற கேள்வி உடனே வரும்.

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்துச் சிவப்பு வைன் இது. வெறும் கியான்டி ஒன்று, கியான்டி கிளாசிகோ இன்னொன்று. கிளாசிகோ என்றால் அதே வைனில் கொஞ்சம் உயர்ந்த ரகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 1996 முதல் இரண்டுக்கும் தனித்தனி விதிமுறை. புளோரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் நடுவிலுள்ள பழைய குன்றுத் தோட்டங்களின் திராட்சைதான் கிளாசிகோவுக்கு ஆகும். அந்த மண்ணுக்கு 1716 இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ மெடிச்சி எல்லை குறித்துவிட்டார்.

சரி, போத்தலைக் கையில் எடுங்கள். கழுத்தில் மூடியை ஒட்டி, இலக்கம் அச்சிட்ட ஒரு சின்னக் காகிதப் பட்டி இருக்கும். இத்தாலியின் மேல்நிலைத் தரச் சான்று பெற்ற வைனுக்குக் கட்டாயமான அரச முத்திரை அது, இரண்டு கியான்டிக்கும் உண்டு. கழுத்திலோ பின் லேபிளிலோ வட்டத்துக்குள் கறுப்புச் சேவல் நின்றால் அது கிளாசிகோ. சேவல் இல்லையென்றால் கிளாசிகோ என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், விருந்தாளி நம்மை நம்பித்தான் காசு கொடுக்கிறார்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் சன்ஜொவேசே திராட்சை. கியான்டியில் குறைந்தது 70 வீதம், கிளாசிகோவில் 80 வீதம், மிச்சம் 20 வேறு சிவப்புத் திராட்சையாக இருக்கலாம். முன்பெல்லாம் வெள்ளைத் திராட்சையும் கலப்பார்கள், 2006 அறுவடையிலிருந்து கிளாசிகோவில் அதற்கு இடமில்லை.

ரிசெர்வா என்று லேபிளில் இருந்தால் வேறு திராட்சையா என்று கேட்பார்கள். இல்லை, அது காத்திருந்த காலம். கிளாசிகோ ரிசெர்வா 24 மாதம் கிடக்க வேண்டும், அதில் 3 மாதம் போத்தலிலேயே. அதற்கும் மேல்படியான கிரான் செலெசியோனே என்றால் 30 மாதம், திராட்சையும் தயாரிப்பாளரின் சொந்தத் தோட்டத்துடையதாகவே இருக்க வேண்டும்.

இனி நம்மூர் வெக்கை. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் கொடு என்பது குளிர்நாட்டுப் பேச்சு. கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஆடி மாதத்தில் திருக்கோணமலையில் அறையே 30 பாகையைத் தாண்டி நிற்கும், அந்தச் சூட்டில் ஊற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 நிமிடம் போல வையுங்கள், 16 முதல் 18 பாகை வரை வந்தால் நல்லது. எடுத்ததும் துணியால் நன்றாகத் துடையுங்கள், ஈரம் ஊறினால் லேபிள் சுருங்கி உரியும்.

சாப்பாடு? தூள் தூக்கலாகப் போட்ட நண்டுக்கறியோடு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது, வைனின் துவர்ப்பு உறைப்பை இன்னும் எரிய வைக்கும். தக்காளி சோஸ் போட்ட பாஸ்டாவுக்கும் உறைப்புக் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கும் இந்த வைனின் புளிப்பு அருமையாகப் பொருந்தும். போத்தலில் மிச்சம் இருந்தால் தக்கையை இறுக்கி அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும்.