தடித்த எழுத்து தலைப்பு ஆகிவிடாது

வலைப்பக்கத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிவிட்டுத் துணைத்தலைப்பு போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் நிறைய. கண்ணுக்குச் சரி, பிரவுசருக்கு அது வெறும் பத்திதான். எடிட்டரில் இருக்கும் ‘ஹெடிங்’ வசதியையே பயன்படுத்துங்கள். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எச்1 முதல் எச்6 வரை ஆறு தலைப்பு நிலைகள் உண்டு. பக்கத்தின் பெயருக்கு எச்1, பிரிவுக்கு எச்2, அதன் உட்பிரிவுக்கு எச்3. பெரும்பாலும் இதுவே போதும்.

எழுத்து சிறிதாகத் தெரிகிறதே என்று நிலையை மாற்ற வேண்டாம். அளவுக்கு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் இருக்கிறது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடரில் பார்வையற்றவர்கள் ‘எச்’ விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார்கள். தடித்த வரி அங்கே கணக்கிலேயே வராது.

நிலைகளின் வரிசை பிசகினால் கூகுள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் தலைப்பிலுள்ள சொற்கள் பக்கம் எதைப் பற்றியது என்று அதற்குச் சொல்லும். அதனால் ‘மேலும் சில தகவல்கள்’ என்று மழுப்பாமல், ‘பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி’ என்று நேரடியாகவே எழுதுங்கள்.