சோபிக்காத சீசனில் உங்கள் சைக்கிள் வீரருக்குத் துணை நிற்பது எப்படி?

தொழில்முறைச் சாலை சைக்கிள் பந்தயத்தில் வெற்றி மிகவும் அரிது. பிரான்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் டூர் டி பிரான்ஸில் 2025இல் 23 அணிகளின் 184 வீரர்கள் புறப்பட்டார்கள். மூன்று வாரங்களில், நாளுக்கு ஒரு பந்தயமாக, 21 கட்டங்கள் நடக்கின்றன; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டித்தான் ஒட்டுமொத்தப் பட்டியல் போடப்படுகிறது. பல அணிகள் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமல் பாரிஸ் வந்து சேர்கின்றன. ஆகவே உங்களுக்குப் பிடித்த வீரரின் சீசன் மோசமாகப் போகிறது என்று முடிவு செய்வதற்கு முன், அவர் எந்த வேலைக்காக அந்த அணியில் இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அணித் தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, காற்றுக்கு முன்னால் நின்று மறைத்து, கடைசி ஏற்றத்தின் அடிவாரத்தில் ஒதுங்கிவிடுபவருக்கு, தரவரிசையில் நூறாவது இடம் என்பது வேலையைச் சரியாக முடித்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அவர் உண்மையிலேயே தடுமாறுகிறார் என்றால், அடுத்துக் காரணத்தைத் தேடுங்கள். இதை விளக்க பிரெஞ்சு வீரர் திபோ பினோவைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை. 2014 டூரில் மூன்றாம் இடம் பெற்ற பினோ, 2019இல் தூர்மலே சிகரத்தில் முடிந்த கட்டத்தை வென்றார். 18ஆம் கட்டம் முடிந்தபோது ஒட்டுமொத்த நேரத்தில் முதலிடத்துக்கும் அவருக்கும் 1 நிமிடம் 50 விநாடிதான் வித்தியாசம். மறுநாளே, தொடைத் தசைக் கிழிவால், கண்ணீரோடு பந்தயத்தை விட்டு விலகினார். 2020இல் நீஸ் நகரில் நடந்த முதல் கட்டத்தில், மழையில் வழுக்கிய சாலையில் விழுந்து முதுகில் அடிபட்டது. ஒரு வாரம் கழித்து, பிரனீஸ் மலையின் போர் டி பாலே ஏற்றத்தில் அவர் பின்தங்கியபோது, அணித் தோழர்கள் வேகத்தைக் குறைத்து அவரைச் சூழ்ந்து அழைத்து வந்தார்கள்; அன்று அவர் இழந்தது சுமார் 19 நிமிடங்கள். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் மனவுறுதி இல்லாதவர் என்றார்கள். விழுந்த செய்தியைத் தொடர்ந்து வாசித்தவர்களுக்கோ, முதுகு வலியோடு மலை ஏறும் ஒரு மனிதர் தெரிந்தார். அந்த வலி 2021இலும் தொடர்ந்ததால் அவர் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் கலந்துகொள்ளவில்லை.

முடிவுப் பட்டியலை வாசிக்கவும் பழக வேண்டும். பெயருக்கு எதிரே டிஎன்எஃப் (DNF) என்று இருந்தால் பாதியில் விலகினார் என்றும், டிஎன்எஸ் (DNS) என்றால் அன்று புறப்படவே இல்லை என்றும், ஓடிஎல் (OTL) என்றால் நேர வரம்புக்குள் வந்து சேரவில்லை என்றும் பொருள். மூன்றையும் ஒன்றாகத் தோல்விக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வேண்டுமென்றே நேரத்தை இழப்பதும் உண்டு: ஒட்டுமொத்தப் பட்டியலில் வெகுவாகப் பின்தங்கிய ஒருவர் முன்னே தப்பிச் சென்றால் தலைமை அணிகள் துரத்தாமல் விட்டுவிடும் என்பதால், கட்ட வெற்றியைக் குறிவைக்கும் வீரர்கள் முதல் வாரத்திலேயே மெதுவாக வந்து சேர்வார்கள்.

டூரை மட்டும் பார்த்துவிட்டு மற்ற மாதங்களில் விலகியிருக்கும் பழக்கத்தை, இப்படிப்பட்ட ஆண்டிலாவது விட்டுவிடுங்கள். மீண்டு வருபவர் பெரும்பாலும் சிறிய பந்தயங்களில்தான் முதலில் தலைகாட்டுவார். 2022 ஏப்ரலில் டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ் பந்தயத்தின் நான்காம் கட்டத்தில், முன்னணியில் இருந்த பினோவை இறுதிப் பகுதியில் கொலம்பிய வீரர் மிகேல் ஆங்கெல் லோபெஸ் முந்திச் சென்றார், பினோ அழுதுவிட்டார். மறுநாள், ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரில் வென்றார். தூர்மலேவுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த ரசிகர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை, இடையில் கைவிட்டுப் போனவர்களால் உணர முடியாது. டூர் கட்டங்கள் பெரும்பாலும் இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணியை ஒட்டி முடிவதால், நம் ஊரிலிருந்து பின்தொடர்வதும் கடினமில்லை; கடைசி ஐந்து கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஐம்பது கிலோமீட்டர் மீதமிருக்கும்போதே பார்க்கத் தொடங்கினால், உங்கள் வீரர் கூட்டத்தில் எந்த இடத்தில் ஓட்டுகிறார் என்பது தெரியும்.

சமூக ஊடகத்தில் எழுதுவதாக இருந்தால், எழுதாமல் விட வேண்டியவை மூன்று என்பேன். அவருடைய உடல் எடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எடைக் கவலை பல வீரர்களின் உடல்நலத்தையே கெடுத்திருக்கும் விளையாட்டு இது. ஆதாரமில்லாமல் ஊக்கமருந்துச் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டாம். அடுத்த பந்தயத்தில் கட்டாயம் வெல்ல வேண்டும் என்றும் கேட்க வேண்டாம். 1985இல் பெர்னார் இனோ வென்றதற்குப் பிறகு ஆண்கள் டூரில் எந்தப் பிரெஞ்சுக்காரரும் பட்டம் பெறாததால், ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதும் பினோவின் தோளில் ஏறியது. அதன் மேல் இன்னொரு சுமையை வைப்பதா ரசிகரின் வேலை? அன்று அவர் செய்த ஒரு நல்ல காரியத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினால் போதும்.

சாலையோரம் நின்று உற்சாகப்படுத்தும் வாய்ப்பு கிடைத்தால், அதைவிடச் சிறந்த ஆதரவு கிடையாது. ஆனால் ஒழுங்கு மிக அவசியம். 2021 டூரின் முதல் நாளில், கேமராவைப் பார்த்தபடி சாலைக்குள் அட்டையை நீட்டிய ஒரு பார்வையாளரால் ஜெர்மன் வீரர் டோனி மார்ட்டின் விழ, அவரோடு வீரர்களின் பெரும் கூட்டமே சரிந்தது. மலைப் பாதைகள் பல மணி நேரம் முன்பே மூடப்படுவதால் சீக்கிரம் போய்விடுங்கள், இறக்கத்திலோ குறுகலான வளைவின் உட்புறத்திலோ நிற்காமல், வேகம் குறையும் ஏற்றத்தில் இடம் பிடியுங்கள், கொடி, பை, கைபேசி எதுவும் சாலைக்கு மேல் நீளக் கூடாது, பக்கத்தில் ஓடாதீர்கள், மூச்சு வாங்கும் வீரர்கள் நடுவே புகைக்குச்சி கொளுத்தாதீர்கள். உங்கள் வீரரின் பெயரைச் சொல்லிக் கத்துங்கள். அவரோடு நின்றுவிடாமல் கடைசியாக வருபவருக்கும் கை தட்டுங்கள்.

பினோவின் ரசிகர்கள் இதைச் செய்து காட்டினார்கள். சீசன் முடிவில் ஓய்வு பெறுவதாக 2023 ஜனவரியிலேயே அவர் அறிவித்துவிட்டார். அந்த ஆண்டு ஜிரோவில் கட்ட வெற்றி கிட்டாவிட்டாலும் மலை ஏற்றப் பட்டத்தையும் ஒட்டுமொத்தமாக ஐந்தாம் இடத்தையும் பெற்றார். ஜூலை 22 அன்று, டூரின் இருபதாம் கட்டம் அவருடைய சொந்த வட்டாரத்தை ஒட்டிய வோஜ் மலைகளில் நடந்தபோது, பெட்டி பலோன் ஏற்றத்தின் ஒரு வளைவில் ரசிகர்கள் திரண்டிருந்தார்கள். அவர் தனியாக முன்னணியில் அந்த வளைவைக் கடந்தார். பின்னர் துரத்தி வந்தவர்கள் அவரை எட்டிப் பிடித்தார்கள், கட்டத்தை வென்றவர் ஸ்லோவேனிய வீரர் ததேய் போகச்சார். அந்த வளைவில் நின்றவர்கள் யாரும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

உங்கள் வீரர் ஓய்வு எடுக்க விரும்பினாலோ, அணி மாறினாலோ, பெரிய பந்தயம் ஒன்றிலிருந்து விலகினாலோ, அதற்கு விளக்கம் கேட்டு வற்புறுத்தாதீர்கள். அக்டோபரில், சீசனின் கடைசிப் பெரிய பந்தயமான இல் லொம்பார்தியா முடிந்ததும் சில வாரங்கள் அவரை நிம்மதியாக இருக்க விட்டுவிட்டு, டிசம்பர், ஜனவரியில் அணிகள் வெளியிடும் பந்தயத் திட்டங்களைப் பார்த்து, அவர் பெயர் இருக்கும் முதல் சிறிய பந்தயத்தின் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.