மளிகைக்கடைக்கு ஒரு கைகாட்டி ரோபோ: பழைய போன்ல ஆப், கூட ஒரு சர்வோ, அவ்ளோதான்

கடைக்கு ரோபோன்னு சொன்னாலே ரெண்டு கால்ல நடந்து வந்து வணக்கம் வைக்கிற மாதிரி ஒண்ணுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது, அந்த ஆசைய முதல்ல ஓரமா வச்சிடுங்க. கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்பக் கேக்குறது ரெண்டே ரெண்டுதான், "இது எங்க இருக்கு", "இது எவ்ளோ". இந்த ரெண்டுக்கும் தமிழ்ல பதில் சொல்லி எந்தப் பக்கம்னு கையையும் நீட்டுற ஒரு குட்டி ரோபோவ எப்படிப் பண்றதுன்னு இதுல பாக்கப்போறோம், கோடிங் சுத்தமா தெரியாதவங்களும் தைரியமா இறங்கலாம்.

ஏன் கைய நீட்டணும்? 2018ல ஸ்காட்லாந்துல இருக்குற எடின்பரோவுல ஒரு கடையில பெப்பர் ரோபோவுக்கு ஃபேபியோன்னு பேர் வச்சு நிறுத்தினாங்க. பெப்பர் ஒண்ணும் சாதாரண பொம்மை இல்ல, 2014ல ஜப்பான் கம்பெனி சாஃப்ட்பேங்க் வெளியிட்டது, 120 சென்டிமீட்டர் உயரம், நெஞ்சுல ஒரு டேப்லெட். ஆனா பீர் எங்கன்னு கேட்டா "மதுபானப் பிரிவுல இருக்கு"ன்னு பதில் சொல்லுச்சாம், அது எங்கய்யா இருக்குன்னுதான கேக்குறாங்க! கடை சத்தத்துல பாதி கேள்வி அதுக்குப் புரியவும் இல்ல, சீக்கிரமே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. வால்மார்ட்டும் சுமார் 500 கடையில ரேக்க ஸ்கேன் பண்ற ரோபோவ ஓடவிட்டுட்டு 2020ல போதும்னு நிறுத்திடுச்சு. நம்ம சென்னையிலயே 2016ல சிட்டி யூனியன் பேங்க் லட்சுமின்னு ஒரு ரோபோவ இறக்கினாங்க, பேலன்ஸ், வட்டி விகிதம்னு கேட்டா பதில் சொல்றதுக்கு. அந்த அளவுக்கெல்லாம் நமக்கு வேணாம். ஃபேபியோகிட்ட இருந்த ரெண்டு குறை, மொட்டையான பதிலும் சத்தமும், அதை மட்டும் சரி பண்ணா நம்ம கடைக்குப் போதும்.

ஸ்டெப் 1: சாமான் வாங்குறது

அண்ணா சாலைய ஒட்டி இருக்குற ரிச்சி தெருவுக்குப் போங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர் மாதிரி), ஒரு எஸ்ஜி90 சர்வோ மோட்டார் (சொன்ன டிகிரிக்குத் திரும்பி நிக்குற குட்டி மோட்டார்), கொஞ்சம் ஜம்பர் வயர், போர்டுக்கு ஏத்த யுஎஸ்பி கேபிள், இவ்ளோதான் லிஸ்ட். கேபிள் வாங்கும்போது டேட்டா போகுமான்னு கேட்டு வாங்குங்க, சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள மாட்டிட்டு கம்ப்யூட்டர்ல போர்டே தெரியலைன்னு மண்டைய உடைச்சுக்குறவங்க நிறைய பேர். முகத்துக்கு வீட்ல சும்மா கிடக்குற பழைய ஆண்ட்ராய்டு போன். கைக்கு ஐஸ்கிரீம் குச்சியும் அட்டையும் போதும், எஸ்ஜி90 ஒன்பது கிராம் மோட்டார், மரக்கட்டையெல்லாம் தூக்காது.

ஸ்டெப் 2: கை ஆடணும்

சர்வோவுல மூணு வயர் இருக்கும். பழுப்பு கிரவுண்டு (மைனஸ்), சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு சிக்னல். ஆரஞ்ச மட்டும் போர்டோட ஒரு பின்னுல, 13ஆம் நம்பர்னு வச்சுக்கங்களேன், அதுல குத்துங்க. சிவப்புக்கு போர்டுலேர்ந்து கரண்ட் எடுக்காதீங்க, கை அசையுற ஒவ்வொரு தடவையும் மோட்டார் சட்டுனு கரண்ட இழுக்கும், போர்டுக்கு வோல்டேஜ் இறங்கி அது தானா ரீஸ்டார்ட் ஆயிடும், நீங்க கோடுல தப்புன்னு நினைச்சு தேடிட்டே இருப்பீங்க. தனியா ஒரு 5 வோல்ட் சார்ஜர்லேர்ந்து கொடுங்க, ஆனா சார்ஜரோட கிரவுண்டும் போர்டோட கிரவுண்டும் கண்டிப்பா ஒண்ணா சேந்திருக்கணும், இல்லன்னா கை கண்டபடி துடிக்கும்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல ஆர்டுயினோ ஐடிஇ (போர்டுக்கு கோடு எழுதி ஏத்துற சாஃப்ட்வேர்) போட்டு, போர்டு மேனேஜர்ல இஎஸ்பி32ஐயும் லைப்ரரில இஎஸ்பி32சர்வோவையும் இன்ஸ்டால் பண்ணுங்க, ஆர்டுயினோவோட வழக்கமான சர்வோ லைப்ரரி இந்த போர்டுக்கு ஒத்துவராது. கோடு அப்லோட் ஆகாம தொங்கிட்டு நின்னா போர்டுல இருக்குற பூட் பட்டன அமுக்கிப் பிடிச்சிட்டு மறுபடி பண்ணுங்க.

கோடு என்ன பண்ணணும்னா, போர்டு கடை வைஃபைல சேந்து ஒரு சின்ன வெப் சர்வரா, அதாவது முகவரிய கூப்பிட்டா பதில் கொடுக்குற மாதிரி, நிக்கணும். ஐபி முகவரி (வைஃபைல போர்டோட அடையாள நம்பர்) 192.168.1.50னு வந்துச்சுன்னா, 192.168.1.50/90னு கூப்பிட்டா கை 90 டிகிரிக்குத் திரும்பணும், 192.168.1.50/140னு கூப்பிட்டா 140க்கு. முகவரில சாய்வுக்கோட்டுக்கு அப்புறம் வர்றத எண்ணா மாத்தி சர்வோவுக்கு அனுப்புறதுதான் மொத்த லாஜிக்கும். லைப்ரரி கூடவே வர்ற எடுத்துக்காட்டு கோடுகள்ல வெப் சர்வர் ஒண்ணும் சர்வோ ஒண்ணும் இருக்கும், ரெண்டையும் சேத்தா முடிஞ்சது.

இதுல ஒரு கூத்து இருக்கு. குரோம்ல போட்டு டெஸ்ட் பண்ணும்போது கை 90க்குப் போயிட்டு உடனே ஓரத்துக்கு ஓடும். பேய் பிசாசு ஒண்ணும் இல்ல, பிரவுசர் நம்மள கேக்காமலே சைட்டோட குட்டி ஐகானையும் போர்டுகிட்ட கேக்கும், அந்தப் பேர எண்ணா மாத்தினா பூஜ்ஜியம்னு வரும், கை பூஜ்ஜியத்துக்குப் போயிடும். 10க்குக் கீழயும் 170க்கு மேலயும் எது வந்தாலும் கண்டுக்காதன்னு ஒரு வரி சேத்துட்டா இதுவும் சரியாயிடும், சர்வோ கடைசி முனையில முட்டிட்டு ஙொய்னு கத்துறதும் நிக்கும்.

வைஃபை சேரவே இல்லன்னா ரவுட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இந்த போர்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ரவுட்டர்லயே போர்டுக்கு ஒரே ஐபிய நிரந்தரமா ஒதுக்கிடுங்க, இல்லன்னா கரண்ட் போயிட்டு வந்தா நம்பர் மாறிடும்.

ஸ்டெப் 3: பொருள் லிஸ்ட், இதுதான் நிஜமான வேலை

எலக்ட்ரானிக்ஸ் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், லிஸ்ட்டுக்குத்தான் பொறுமை வேணும். கூகுள் ஷீட்ல அஞ்சு காலம், அதாவது நெடுவரிசை, போடுங்க: பேர், வேற பேருங்க, பார்கோடு, விலை, கை திரும்ப வேண்டிய டிகிரி. ரோபோவ கல்லா பக்கத்துல வச்சுட்டு ஒவ்வொரு ரேக்குக்கும் கைய திருப்பிப் பாத்து டிகிரிய எழுதிக்கங்க.

வேற பேருங்கங்கிற காலத்துலதான் எல்லாமே இருக்கு. ஒருத்தர் தனியான்னு கேப்பாங்க, அடுத்தவங்க மல்லின்னு கேப்பாங்க. சர்க்கரைன்னு ஒருத்தர், சீனின்னு ஒருத்தர், எந்தக் கம்பெனி சோப்புத்தூளா இருந்தாலும் சர்ஃபுன்னு ஒருத்தர். இதெல்லாம் அண்ணாச்சிக்குத்தான் தெரியும், கல்லா பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னு வர்றவங்க வாய்ல வர்றத அப்படியே எழுதிக்கிறதுதான் சரி, ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சா பாதிதான் வரும்.

தமிழ்ங்கறதால இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு. "அப்பளம்"னு ஷீட்ல போட்டுட்டு ஒருத்தர் "அப்பளத்தை எங்க வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற, அதனால "அப்பள"ன்னு பாதிய மட்டும் ஒரு வேற பேரா போட்டுடுங்க. அதே மாதிரி "எண்ணெய்"னு தேடினா "நல்லெண்ணெய்"க்குள்ள அது கிடைக்காது, நமக்குத்தான் ஒரே மாதிரி தெரியுது, எழுத்து அங்க லெ. ரெண்டாவது, "பால்"ங்கற வரி மேல இருந்தா பால்கோவா கேட்டவங்களுக்கும் ஃபிரிட்ஜ் பக்கம் கை காட்டும், அதனால நீளமான பேர மேலயும் சின்ன பேர கீழயும் வச்சு ஷீட்ட அடுக்குங்க.

பார்கோடு காலத்த பிளெயின் டெக்ஸ்ட்டா மாத்திடுங்க. நம்ம பாக்கெட்டுங்கள்ல பெரும்பாலும் 890ல ஆரம்பிக்கிற 13 இலக்கம் இருக்கும்.

முடிஞ்சதும் ஃபைல் மெனுல பப்ளிஷ் டு வெப் போய் சிஎஸ்வின்னு (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்) தேர்ந்தெடுத்து லிங்க்க எடுத்து வச்சுக்கங்க. லிங்க் கிடைச்ச யார் வேணா இத பாக்கலாம்ங்கறதால கொள்முதல் விலைய மட்டும் இந்த ஷீட்ல போட்டுடாதீங்க, அண்ணாச்சி உங்கள சும்மா விடமாட்டாரு.

ஸ்டெப் 4: ஆப்

எம்ஐடி ஆப் இன்வென்டர், பிரவுசர்லயே ஓடும், கோடு எழுத வேணாம், பிளாக்க இழுத்து ஒட்டுனா போதும். திரையில ரெண்டு பெரிய பட்டன், "பேசுங்க", "ஸ்கேன் பண்ணுங்க". கண்ணுக்குத் தெரியாத காம்பொனென்ட்ல ஸ்பீச் ரெகக்னைசர், டெக்ஸ்ட் டு ஸ்பீச், பார்கோடு ஸ்கேனர் ஒவ்வொண்ணு, இன்டர்நெட் முகவரிய கூப்பிடுற வெப் ரெண்டு. ஒரு வெப், ஷீட்ட இறக்க; இன்னொண்ணு கைய திருப்ப, ரெண்டுக்கும் ஒரே வெப்ப வச்சா எந்தப் பதில் எங்கேர்ந்து வந்துச்சுன்னு குழம்பிடும். பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் மொழிய தமிழ்னு செட் பண்ணுங்க, போன் செட்டிங்ஸ்ல தமிழ் குரல முன்னாடியே டவுன்லோட் பண்ணி வச்சிடுங்க. பார்கோடு ஸ்கேனர்ல எக்ஸ்டர்னல் ஸ்கேனர்ங்கற டிக்க எடுத்துடுங்க, இல்லன்னா இன்னொரு ஆப் வேணும்னு அடம்பிடிக்கும்.

ஆப் திறந்ததும் ஷீட் லிங்க்க கூப்பிட்டு, வந்த டெக்ஸ்ட்ட லிஸ்ட் ஃப்ரம் சிஎஸ்வி டேபிள் பிளாக்ல போட்டு ஒரு வேரியபிள்ல வச்சுக்கங்க. பேசுங்க பட்டன அமுக்கினா கேக்கும், கேட்டத ஒவ்வொரு வரியா எடுத்துப் பாக்கும், அந்த வரில இருக்குற ஏதாவது ஒரு பேர் அவங்க சொன்னதுக்குள்ள இருந்தா முதல்ல டிகிரிய போர்டுக்கு அனுப்பும், அப்புறம் பேரையும் விலையையும் சொல்லும். வேற எதுவும் பாக்காம அங்கேயே லூப்ப, அதாவது வரி வரியா தேடுறத, உடைச்சிடணும். ஸ்கேன் பட்டனுக்கும் இதேதான், பேருக்குப் பதிலா பார்கோடு காலத்தோட ஒத்துப் பாக்கணும். விலைக்குப் பின்னாடி ரூபாய்னு முழுசா எழுதுங்க, சுருக்கி எழுதினா குரல் எப்படிப் படிக்கும்னு நம்ப முடியாது. எதுவுமே கிடைக்கலன்னா கைய நடுவுல கொண்டாந்து "அண்ணாச்சிகிட்ட கேளுங்க"ன்னு சொல்லட்டும், தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டுற ரோபோதான் கடைக்காரருக்கு தலைவலி.

எப்பவும் கேட்டுட்டே இருக்குற மாதிரி மட்டும் செய்யாதீங்க. பஸ் ஹாரன், ஃபேன், பில் மெஷின் எல்லாத்தையும் கேள்வின்னு நினைச்சுக்கும், பட்டன் அமுக்கினா மட்டும் மைக் ஆன் ஆனா போதும். ஃபேஸ் டிடெக்ஷன் வைக்கலாமேன்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க, வேணாம், வர்றவங்க முகத்த எடுக்குறதுக்கு சம்மதம் அது இதுன்னு 2023ஆம் வருஷ டேட்டா பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் போகும், உப்பு பாக்கெட் தேடுறதுக்கு அது எதுக்கு.

ஸ்டெப் 5: கடையில வைக்கிறது

பில்ட் மெனுல ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) எடுத்து போன்ல போடுங்க. டெவலப்பர் ஆப்ஷன்ல ஸ்டே அவேக் ஆன் பண்ணா சார்ஜ்ல இருக்குற வரைக்கும் திரை அணையாது. இந்த ஆப்ப விட்டு வெளிய போக விடாத ஆப் பின்னிங்கும் போட்டுடுங்க, இல்லன்னா சாயங்காலம் வர்ற பசங்க யூடியூப் திறந்து வச்சிருப்பாங்க. விலை மாறினா அண்ணாச்சி அவர் போன்லயே ஷீட்ட மாத்திக்கலாம், ஆனா பப்ளிஷ் ஆன லிங்க்ல புது விலை வர சில நிமிஷம் ஆகும், அப்புறம் ஆப்ப ஒரு தடவ மூடித் திறக்கணும்.

பின்னாடி இதையே கோட்லின்ல (ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற மொழி) எழுதணும்னு தோணுச்சுன்னா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ஆண்ட்ராய்டு 9லேர்ந்து பூட்டு இல்லாத சாதா எச்டிடிபி முகவரிய சிஸ்டமே தடுத்துடும், போர்டோட ஐபிக்கு மட்டும் மேனிஃபெஸ்ட் (ஆப்போட அனுமதியெல்லாம் எழுதுற ஃபைல்) பக்கம் போய் விதிவிலக்கு கொடுக்கணும், அதுவரைக்கும் கை அசையாது.