பள்ளிக்கூடங்களுக்குச் சதுரங்கம்: உதவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு பழைய மாணவர் சங்கம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்க உதவப் போகிறோம் என்றால் எனக்கு உண்மையிலேயே சந்தோசம். ஆனால் பெரும்பாலும் "எத்தனை செஸ் போர்ட் வேணும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யார் பழக்குவது என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது?

விலை கூடிய மரப் பலகைகள் உறை பிரிக்காமல் அலுமாரிக்குள் கிடந்ததை ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். காய் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். அவர்களில் பிழையில்லை. சுருட்டி வைக்கக்கூடிய விரிப்பும் பிளாஸ்டிக் காய்களும் தாராளமாகப் போதும். ராஜா ஒன்பதரை சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் போட்டிக்கும் அதே காய்களைப் பாவிக்கலாம். மிஞ்சும் காசைப் பயிற்றுநருக்குக் கொடுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், தவணை முழுக்க, தவறாமல் வருகிற ஒருவர் வேண்டும். பக்கத்திலேயே பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரும் இருந்து பழகினால், பயிற்றுநர் வராத நாளிலும் வகுப்பு நடக்கும். பெரிய ஆட்டக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒருநாள் விழா எடுப்பது நல்லதுதான். அடுத்த கிழமையும் வகுப்பு இருந்தால்.

இன்னொரு தவறு, "செஸ் விளையாடினால் கணக்கு நல்லா வரும்" என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுப்பது. இங்கிலாந்தில் 'செஸ் இன் ஸ்கூல்ஸ் அண்ட் கொம்யூனிற்றீஸ்' என்ற தொண்டு நிறுவனத்தின் வகுப்புகளை வைத்து 100 ஆரம்பப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. கிழமைக்கு ஒரு மணி நேரமாக 30 கிழமை வரை பழகிய பிள்ளைகளை, பழகாத பிள்ளைகளோடு ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். கணிதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2016 இல் முடிவு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயது. எங்கள் பிள்ளைகள் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயது. பொய் நம்பிக்கையோடு அனுப்பும் பெற்றோர், புள்ளி ஏறவில்லை என்றதும் பிள்ளையை மறித்துவிடுவார்கள். யோசித்துவிட்டுக் காயைத் தொடுவதும், தோற்ற பிறகு எதிரிக்குக் கை கொடுப்பதும், ஆட்டத்தை எழுதி வைத்து எங்கே பிழைத்தது என்று தேடுவதும் ஒரு பிள்ளைக்குப் பெரிய விசயங்கள். அதைச் சொல்லுங்கள், போதும்.

அப்புறம் நேரம். ரியூசன் இருக்கிற பின்னேரத்தில் வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். அதிபரோடு கதைத்துப் பாட நேரத்துக்குள் ஓர் இடம் கேளுங்கள்.

கெட்டிக்காரர் நாலு பேரைத் தெரிந்தெடுத்துப் பதக்கம் தேடவும் வேண்டாம். அப்படித் தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் பலகைப் பக்கமே வராமல் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளைத் தூர இடத்துப் போட்டிக்கு அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். கூடப் போக ஒரு ரீச்சரை ஒழுங்கு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிள்ளையைப் பலகையோடு நிற்பாட்டிக் கொடையாளியின் பெயர் தெரியப் படம் எடுத்துப் போடுவதை அறவே விடுங்கள்.

போட்டி என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாண நகருக்குள்தான் வைக்கிறார்கள். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது குறிகட்டுவான் வரை படகு, பிறகு பஸ். வரவுசெலவு போடும்போதே போக்குவரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காசு ஒதுக்குங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுச் சுற்றுகளின் நேரத்தைப் போடுங்கள்.