கவுண்டிக் கூட்டத்தில் குறையைச் சொல்வது எப்படி? சான்டா கிளாரா வாசிகளுக்கு ஒரு செய்முறை

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற விரைவுச் சாலையைக் கடக்க நடைவிளக்கு தரும் நேரம், வயதான பெற்றோருக்குப் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் முறையிடுவது?

படி 1: யாருடைய பொறுப்பு?

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டிக்குள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) 15 நகரங்கள் இருக்கின்றன. உள்தெருக்களும் நகரப் பூங்காக்களும் அந்தந்த நகர மன்றத்தின் பொறுப்பு. எக்ஸ்பிரஸ்வேக்கள், சிறை, தேர்தல், சொத்து மதிப்பீடு ஆகியவை கவுண்டியிடம் இருக்கின்றன. லாரன்ஸ் சாலை சன்னிவேல் வழியாக ஓடினாலும் கவுண்டிக்கு உரியது. சன்னிவேல் நகர மன்றத்தில் போய் நின்றால் மாலைப்பொழுது வீணாகும்.

படி 2: முதலில் மின்னஞ்சல்

கவுண்டியை நடத்துவது 5 பேர் கொண்ட மேற்பார்வையாளர் குழு. தொகுதிக்கு ஒருவர். உங்கள் தொகுதி எது என்பதைக் கவுண்டியின் இணையதளத்தில் பார்த்து, அவருடைய அலுவலகத்துக்கு எழுதுங்கள். எந்தச் சந்திப்பு, எந்த நேரம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். விளக்கின் நேரத்தைக் கூட்டுவது போன்ற சிறு வேலை, கூட்டம் வரை போகாமலேயே முடிந்துவிடலாம். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே மைக்கைப் பிடிக்கிறார்கள்.

படி 3: நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்

உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று சொல்லும் கலிபோர்னியச் சட்டம், 1953இல் வந்த பிரவுன் சட்டம். அதன்படி, மேற்பார்வையாளர் குழுவின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை வெளியிட வேண்டும். அதில் 'கன்சென்ட் காலண்டர்' என்ற பகுதியைக் கவனியுங்கள். விவாதமே இல்லாமல் பல தீர்மானங்கள் ஒரே வாக்கெடுப்பில் நிறைவேறும் இடம் அதுதான். உங்கள் விஷயம் அங்கே இருந்தால், வாக்கெடுப்புக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

படி 4: பேசுங்கள்

நிரலில் உள்ள விஷயம் என்றால் அது எடுக்கப்படும்போது பேசலாம். இல்லாதது என்றால் பொதுமக்கள் கருத்துக்கான நேரத்தில்தான் பேச முடியும். அப்போது உறுப்பினர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரலில் இல்லாததை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ பிரவுன் சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. சுருக்கமாகப் பதில் சொல்லலாம், அல்லது ஊழியர்களிடம் ஒப்படைக்கலாம். ஆகவே அங்கே நீங்கள் கேட்க வேண்டியது தீர்வை அல்ல: "துறையிடம் அறிக்கை கேளுங்கள், அடுத்து வரும் கூட்டத்தின் நிரலில் இதைச் சேருங்கள்" என்பதை.

கிடைப்பது ஓரிரு நிமிடம்தான். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே வைத்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு வந்த கதையெல்லாம் வேண்டாம்.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. கூட்டத்துக்கு வருபவர் பெயரைப் பதிந்தே ஆக வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்பது சட்டம். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இருந்தால் மட்டும் இது பொருந்தாது. சாலையைக் கடக்கத் திணறுபவரே பேசினால் அதன் எடை வேறு.

படி 5: விடாதீர்கள்

எந்தத் துறைக்கு அனுப்பினார்கள் என்று குறித்துக்கொண்டு, சில வாரங்கள் கழித்து அதே அலுவலகத்துக்கு மீண்டும் எழுதுங்கள். பணம் தேவைப்படும் வேலை என்றால் காலம் முக்கியம். கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. கோடைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.