லுக் ஃபாரா, லுக் ஆஃப்டரா?

வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். முதல் வரியே 'ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் எ ஜாப்' என்று இருந்தது. வேலை தேடுகிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். படிப்பவருக்கோ, ஒரு வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்துக்கொள்கிறேன் என்பது போலத்தான் படும். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. 'ஃபார்' வரவேண்டிய இடத்தில் 'ஆஃப்டர்' வந்துவிட்டது, அவ்வளவுதான்.

'லுக்' என்றால் பார் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பின்னால் வரும் சின்னச் சொல்லை ஏதோ ஒட்டு என்று விட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. லுக் ஃபார் என்றால் தேடு. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். லுக் இன்டு என்றால் விசாரி. லுக் டவுன் ஆன் என்றால் மட்டமாக நினை. இவை ஒரே வினையின் நான்கு வடிவங்கள் இல்லை, நான்கு தனித்தனி வினைகள். நமக்கு இது புதிதும் இல்லை. 'கைவிடு' என்று சொல்லும்போது யாருக்காவது கை நினைவுக்கு வருகிறதா? 'தள்ளிப்போடு' என்பதில் எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை. முதலாவது கிவ் அப், இரண்டாவது புட் ஆஃப். தமிழில் முழுச்சொல்லாகப் பழகியதை ஆங்கிலத்திலும் முழுச்சொல்லாகவே பழக வேண்டும்.

அடுத்தது, செயப்படுபொருளை எங்கே வைப்பது என்ற கேள்வி. அதிகம் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 'டர்ன் ஆஃப் த லைட்' சரி, 'டர்ன் த லைட் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் விளக்கு 'இட்' ஆகிவிட்டால் அது நடுவில்தான் உட்காரும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்லக்கூடாது. அதே மாதிரி 'பிக் மீ அப்' சரி, 'பிக் அப் மீ' தவறு. சரி, எல்லாவற்றையும் இப்படிப் பிரிக்கலாமா என்றால், முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதை 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று யாரும் சொல்வதில்லை.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரியும்? இந்த மாதிரி வினைகளில் ஃபார், அட், இன்டு மூன்றும் ப்ரெபோசிஷன்தான், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல், அதனால் செயப்படுபொருள் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். அப், ஆஃப், அவுட், அவே போன்றவை பல வினைகளில் விலகி வழிவிடும். காதும் உதவும். 'டர்ன் இட் ஆஃப்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்' என்னும்போது 'அட்' மெல்லக் கரைந்துபோகும். எல்லா வினைக்கும் இது ஒத்துவராது, ஆனாலும் பழகும் காலத்தில் கைகொடுக்கும்.

நாம் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்று பேசிப் பேசி, ஆங்கிலத்திலும் 'ஆஃப் த லைட்' என்று சொல்லிவிடுகிறோம். தமிழில் 'பண்ணு' வினையாகிக் காப்பாற்றுகிறது. ஆங்கில வாக்கியத்தில் 'டர்ன்' அல்லது 'ஸ்விட்ச்' வராவிட்டால் வினையே இல்லை.

அந்தக் கடிதத்தின் நடுவில் இன்னொன்று இருந்தது: 'ஐ கேன் கோப் அப் வித் பிரஷர்'. நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் இதில் விழுகிறார்கள். கீப் அப் வித், கேட்ச் அப் வித், புட் அப் வித் என்று மூன்று சொல் வினைகள் நிறைய இருப்பதால் அந்தப் பழக்கம் இதையும் இழுத்துக்கொள்கிறது. சமாளிப்பதற்கு 'கோப் வித்' என்று சொன்னாலே போதும். இதற்கு நேர்மாறாக, தேவையான கடைசிச் சொல்லை விழுங்குவதும் உண்டு. நேரம் தீர்ந்துவிட்டது என்பதற்கு 'வி ரேன் அவுட் ஆஃப் டைம்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

'டிஸ்கஸ் அபவுட்' என்று தவறாக எழுதுவதற்கு நம்முடைய 'பற்றி' ஒரு காரணம். இன்னொன்று, 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் 'அபவுட்' வருகிறது, அதை அப்படியே வினைக்கும் கொண்டுபோகிறோம். 'எ ரிக்வெஸ்ட் ஃபார்' சரியாக இருப்பதால் 'ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்' என்று எழுதுவதும் இதே கதைதான். வினையாக வரும்போது டிஸ்கஸ், ரிக்வெஸ்ட் இரண்டும் நேராகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்கும்போது வேறொரு சங்கடம். 'யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?' என்பதில் உருபு 'யார்' மேலேயே ஒட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும்: 'ஹூ ஆர் யு வெயிட்டிங் ஃபார்?' அந்த 'ஃபார்' இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். ப்ரெபோசிஷனில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று படித்தவர்கள் இங்கே தயங்குவார்கள். அந்தத் தடை பழையது. 1672இலேயே கவிஞர் ஜான் டிரைடன், நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் இதை ஒரு குறையாக எடுத்துக்காட்டியிருக்கிறார். இன்றைய இலக்கண நூல்கள் இதைப் பிழை என்று சொல்வதில்லை, அன்றாடப் பேச்சில் இதுதான் இயல்பு. தயங்காமல் சொல்லுங்கள்.

கடிதத்தின் கடைசி வரி: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யு'. 'டு' வந்தால் பின்னால் வெறும் வினைதான் என்ற பழக்கம் இப்படி எழுத வைக்கிறது. 'வான்ட் டு'வில் இருப்பது வினையோடு சேர்ந்த 'டு'. லுக் ஃபார்வர்ட் டு-வில் இருப்பது ப்ரெபோசிஷன். சந்தேகம் வந்தால் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்க்கலாம். 'லுக் ஃபார்வர்ட் டு த இன்டர்வியூ' பொருந்துகிறது, 'வான்ட் டு த இன்டர்வியூ' பொருந்தவில்லை. பெயர்ச்சொல் பொருந்தினால் வினை 'இங்' வடிவத்தில் வரும். இதைச் சொன்னதும் அவரே பேனாவை எடுத்து 'மீட்'டை 'மீட்டிங்' ஆக்கினார். அப்புறம் முதல் வரிக்குத் திரும்பிப் போய் 'ஆஃப்டர்' மேல் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே 'ஃபார்' என்று எழுதினார்.